யாரும் பயன்படுத்தாத வாசிப்பான்

அந்தக் கூட்டத்தில் வாசிப்பானுக்கு முன்பு பேசப்பட்டது கட்டடத்தின் பின்பக்கக் கதவைப் பற்றி. அதைத் திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா என்பதில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அரட்டையும் சிரிப்புமாக அது நீண்டுகொண்டே போனது. வாசிப்பானைப் பற்றி யாருக்கும் கருத்து இல்லை. அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அந்தக் குழுவுக்கு நிறுவனத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. ஊழியர்கள் மூடுவிழாக் கமிட்டி என்பார்கள். நிறுவனம் விற்கும் மென்பொருள்களையெல்லாம் ஒரு அட்டவணையாகச் சுவரில் போட்டுக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சில கட்டங்கள். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எத்தனை புகார் வருகிறது, பராமரிக்க எவ்வளவு இழுக்கிறது என்று. கட்டங்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். ஒரு சிவப்பு இருந்தால் விவாதம் நடக்கும். அதற்கு மேல் இருந்தால் தேதி மட்டும் குறிப்பார்கள்.

வாசிப்பானுக்கு இரண்டு கட்டம் சிவப்பாக இருந்தது. புகார்க் கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. பூஜ்யத்துக்கு நிறம் வைக்க யாரும் யோசித்திருக்கவில்லை.

அவள் உதவிப் பிரிவின் சார்பில் உட்கார்ந்திருந்தாள். புகாரே வராத பொருளை ஏன் மூட வேண்டும் என்று கேட்டாள். அட்டவணையைத் தயாரிக்கும் இளைஞன் பதில் சொன்னான். அவனுக்கு அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை என்று பெயர். மரியாதையான பையன்.

"மேடம், ஒரு வீட்டுல ஆள் குடியிருந்தா, குழாய் ஒழுகுதுன்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போன் வரும். இங்க வரவே இல்லை. அப்போ வீடு காலின்னுதானே அர்த்தம்?"

ஆள் இருக்கிறார்கள் என்றாள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"எங்க அண்ணன் பயன்படுத்துறார்."

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு குழந்தை வரைந்த படத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. குழுவின் தலைவர்தான் அவள் பிரிவுக்கும் மேலாளர். யாருக்கும் முடியாது என்று சொல்லாதவர். எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், அதனால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரும் பார்க்கலாம்தான். அவர் அவளைக் கனிவோடு பார்த்துவிட்டு, ஆண்டுக் கடைசி என்று தேதி குறித்தார். அட்டவணை அடுத்த வரிசைக்கு நகர்ந்தது.

வாசிப்பான், பார்வையில்லாதவர்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள். கணினித் திரையில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். அவள் அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். வார்டிலிருந்து டாக்டர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்ன நோயாளியின் ரத்தத்தில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்பார்கள். அண்ணன் விரல்களால் நோயாளியின் எண்ணைத் தட்டுவார். ஒரு காதில் வாசிப்பான், மறு காதில் டாக்டர். வாசிப்பான் சொல்வதை அவர் வாய் உடனே திருப்பிச் சொல்லும். அவர் வைத்திருக்கும் வேகத்தில் வேறு யாருக்கும் அது பேச்சாகக் கேட்காது, தகரத்தில் மழை பெய்வதுபோல் இருக்கும். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவர். படித்து முடித்தபின் பல வருடங்கள் வீட்டில் சும்மா இருந்தார். பிறகு இந்த வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. மருத்துவமனையில் அவரைச் சார் என்று கூப்பிட்டார்கள்.

அவள் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனாள். மேல்மாடியில் அவள், கீழே அண்ணனும் அண்ணியும். சாப்பிடும்போது அண்ணன், வார்டு டாக்டர் ஒருவர் பொறுமையில்லாமல் கத்தியதையும், தான் வேண்டுமென்றே நிதானமாகத் தசமப் புள்ளியோடு படித்ததையும் நடித்துக் காட்டினார். அண்ணி வாய்பொத்திச் சிரித்தாள். இவள் கூட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆண்டுக் கடைசி தூரத்தில் இருந்தது. அதற்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் கணக்குப்பிள்ளையின் மேசைக்குப் போய், அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்று கேட்டாள். அவன் ஒளிக்காமல் காட்டினான். ஒவ்வொரு முறை மென்பொருளின் புதிய வெளியீடு வரும்போதும் திரையில் ஒரு பெட்டி தோன்றும். உங்கள் பயன்பாட்டை நாங்கள் எண்ணிக்கொள்ளலாமா என்று கேட்கும். சம்மதம் என்று அழுத்தியவர்களை மட்டும் எண்ணுவார்கள்.

"சம்மதிக்காதவங்க?"

"அவங்க இருக்காங்களான்னே நமக்குத் தெரியக்கூடாது மேடம். சட்டம்."

விற்பனைக் கணக்கை வைத்துப் பார்க்க முடியாதா என்றாள். முடியாது. மருத்துவமனை, வங்கி, நூலகம் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆண்டுக்கு ஒரு சாவி கொடுப்பார்கள். கணினிக்குள் போட வேண்டிய ஒரு சின்னக் கோப்பு, அதைத்தான் சாவி என்பார்கள். ஒரு சாவியை ஒரே ஒருவர் பயன்படுத்தலாம், ஒரு கட்டடமே பயன்படுத்தலாம்.

அவன் திரையில் அந்தப் பெட்டியை ஒருமுறை வரவழைத்துக் காட்டினான். நீலக் கரை போட்ட பெட்டி. அவளுக்கு அந்த நீலக் கரை நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பெட்டியை வேறொரு குழு எழுதியது, நிறுவனத்தின் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக. வாசிப்பானால் உலகத்துத் திரைகளையெல்லாம் படிக்க முடிந்தது. தன் நெற்றியில் ஒட்டியிருந்த அந்தப் பெட்டியை மட்டும் படிக்க முடியவில்லை. பெட்டி தோன்றியதும் அதற்கு வாயடைத்துவிடும். காலையில் கணினியைத் திறந்தவர்கள் பேச்சே வராமல் திகைத்துப் போய் உதவிப் பிரிவைக் கூப்பிடுவார்கள். எடுப்பவள் அவள். அவள் தன் கணினியில் பார்த்து, படித்துப் பாராமலே ஏதோ விளம்பரப் பெட்டி என்று நினைத்து, எஸ்கேப் பொத்தானை அழுத்தச் சொல்வாள். அழுத்தியதும் வாசிப்பான் பேசத் தொடங்கிவிடும். இப்படிக் கூப்பிட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். நாளடைவில் புதிய வெளியீடு வந்தால் முதல் வேலையாக எஸ்கேப் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

எஸ்கேப் என்றால் சம்மதமில்லை என்று அர்த்தம்.

வந்த அழைப்புகளில் ஒன்றைக்கூட அவள் பதிவு செய்யவில்லை. அது அவள் பிரிவின் பழக்கம். ஒரு புகாரைப் பதிந்தால் அதற்கு டிக்கெட் என்று பெயர். டிக்கெட் குறைந்த பிரிவுக்கு மாதக் கடைசியில் பாராட்டு வரும், கூடின பிரிவுக்கு விளக்கம் கேட்டு வரும். அதனால் சின்ன விஷயங்களை டிக்கெட் போடாமல் பேசியே முடித்துவிடுவார்கள். அப்படி முடிப்பதில் கெட்டிக்காரி என்று அவளுக்குப் பேர். வாசிப்பானின் ஆட்கள் நேரே அவள் கைபேசிக்கே கூப்பிடுவார்கள். தன் பொருளின் பெயரில் ஒரு கறை விழாமல் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டாள். அந்த வெள்ளைக் கட்டம் அவள் கைவேலை.

அடுத்த முறை பெட்டி வரும்போது சம்மதம் அழுத்தச் சொல்கிறேன் என்றாள் கணக்குப்பிள்ளையிடம்.

"அடுத்த வெளியீட்டுலதான் மேடம் பெட்டி வரும்."

"அது எப்போ?"

அவன் சங்கடப்பட்டான். "மூடப்போற பொருளுக்கு வெளியீடு போடமாட்டாங்களே."

அவள் பார்க்கலாமிடம் போனாள். அவர் கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டார். வருத்தப்பட்டார். நடித்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு நடிக்க வராது. தன்னால் குழுவை மறுபடி கூட்ட முடியும், ஆனால் வெறும் வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு பேச முடியாது என்றார். பதிவாகியிருந்தால் அது பேசும் என்றார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். டிக்கெட் இல்லாததால் ஆள் இல்லை என்கிறார்கள். டிக்கெட் வந்தால் ஆள் இருப்பதாக ஆகிவிடும். கணக்கு நேராகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே கூப்பிடத் தொடங்கினாள். வங்கியில் தொலைபேசி எடுப்பவர், பாடநூல் திருத்தும் ஒரு அம்மா, ஒரு நூலகர், நீதிமன்றத் தட்டச்சர். ஒவ்வொருவரிடமும் ஒரே கோரிக்கை. தயவுசெய்து ஒரு புகார் கொடுங்கள், என்னிடம் வேண்டாம், அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதியச் சொல்லுங்கள். நிறுத்தப்போகிறார்கள் என்பதைச் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை. கணக்கெடுப்பு என்றாள்.

அவர்களுக்குப் புகார் சொல்ல வரவில்லை. நூலகர் கோபித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா சோறு போடுதும்மா. அதைப் போய் என்னன்னு குத்தம் சொல்லச் சொல்றீங்க?"

"எதையாவது சொல்லுங்க சார். சின்னதா இருந்தாலும் சரி."

"குரல் கொஞ்சம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு. சொல்லலாமா?"

சொல்லலாம் என்றாள். அதன் பிறகு அவர்களுக்குக் கொஞ்சம் குஷி பிறந்துவிட்டது. அரைப்புள்ளியை ரொம்ப ரசித்துப் படிக்கிறது என்று ஒரு டிக்கெட். என் பெயரை மட்டும் பழைய பகையாளி மாதிரி உச்சரிக்கிறது என்று ஒன்று. கடன் பாக்கிக் கடிதத்தையும் பிறந்தநாள் வாழ்த்தையும் ஒரே குரலில் படிக்கிறது, நியாயமா என்று ஒன்று. நண்பர்களுக்குச் சொன்னார்கள், நண்பர்கள் சங்கங்களுக்குச் சொன்னார்கள். அவளுக்குப் பேரே தெரியாத ஊர்களிலிருந்து, அவள் ஒருநாளும் பேசியிராதவர்கள் கூப்பிட்டார்கள். இத்தனை பேரா என்று அவளே அசந்துபோனாள். ஒவ்வொரு டிக்கெட்டையும் நேரம் எடுத்து, ஒழுங்காக, முழு வாக்கியமாகப் பதிந்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவள் பதிந்ததில்லை.

அண்ணனுக்கும் செய்தி எட்டியது. இரவுச் சாப்பாட்டில் கேட்டார்.

"ஊரெல்லாம் குறை சொல்லச் சொல்றியாமே பாப்பா? சொந்த வீட்டுல மட்டும் கேக்கமாட்டே?"

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவர் வாயில் இன்னும் பாப்பாதான். சும்மா ஒரு கணக்கெடுப்பு என்றாள். மறுநாள் அவரும் ஒரு டிக்கெட் போட்டார். கெட்ட ரிசல்ட்டைக்கூடச் சந்தோஷமாகப் படிக்கிறது, கொஞ்சம் துக்கம் கலக்கவும் என்று. அவள் அதையும் அப்படியே பதிந்தாள்.

குழு மறுபடி கூடியது. பார்க்கலாம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சுவரில் அட்டவணை விரிந்தபோது, வாசிப்பானின் வெள்ளைக் கட்டம் இப்போது சிவப்பாக இருந்தது. அந்தப் பக்கத்திலேயே அதுதான் கடும் சிவப்பு. கணக்குப்பிள்ளை அவள் பக்கம் திரும்பவில்லை.

பயன்படுத்துவோர் எண்ணிக்கை மாறவில்லை. அது சம்மதம் கொடுத்தவர்களின் எண்ணிக்கை, மாறாது. ஏதோ கைதவறிச் சம்மதத்தை அழுத்தின சிலபேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் எண்ணிக்கையால் இந்தப் புகார்களை வகுத்திருந்தார்கள். நிதிப் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவு புகாரா? இந்தக் கம்பெனியில எந்தப் பொருளும் ஆளை இப்படிப் படுத்தினதில்லையே."

அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நீலக் கரைப் பெட்டியை, எஸ்கேப் பொத்தானை, டிக்கெட் போடாமல் முடித்த வருடங்களை, புகார் கொடுக்கச் சொல்லித் தான் கெஞ்சியதை.  பேசி முடித்ததும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்தாள். புரிந்தும் இருந்தது.

நிதி அம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ இத்தனை வருஷமும் இந்தப் பொருளுக்கு உதவிப் பிரிவு வேலை செஞ்சிருக்கு. அது எங்கேயும் கணக்குல வரலை. அப்படித்தானேம்மா?"

"ஆமா."

"அப்போ பராமரிப்பு நாம நினைச்சதைவிட ஜாஸ்தி."

பராமரிப்புக் கட்டத்தின் சிவப்பை யாரும் கூட்டிக் காட்டவில்லை. அதற்கு மேல் சிவப்பு அந்த அட்டவணையில் இல்லை. அவள், எண்ணிக்கையைத் திருத்துங்கள், அந்த டிக்கெட்டுகளில் பெயர் இருக்கிறது, பெயரை எண்ணுங்கள் என்றாள். கணக்குப்பிள்ளைதான் சொல்ல வேண்டியிருந்தது. புகாருக்காகக் கொடுத்த பெயரை வேறு எதற்கும் எண்ணக்கூடாது. அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். அவன் குரல் உள்ளே போய்விட்டிருந்தது. அவன் சொன்னது உண்மை.

அந்த அறையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பார்க்கலாம், அவள் உணர்வை மதிக்கிறேன் என்றார். மதிக்கவும் செய்தார். பிறகு, இவ்வளவு பேரை இவ்வளவு தொல்லைப்படுத்தும் பொருளை ஆண்டுக் கடைசிவரை ஓட்டுவது அவர்களுக்கே செய்கிற அநியாயம் இல்லையா என்று ஒருவர் கேட்டார். நடப்புச் சாவிகள் எல்லாம் அந்த மாதக் கடைசியில் காலாவதியாகும், அந்த நாளோடு நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. புதிய சாவி கிடையாது. ஆண்டுக் கடைசி, மாதக் கடைசியாகிவிட்டது.

பயனர்களுக்கு அனுப்பும் அறிவிப்பை எழுதும் வேலை அவளுக்கு வந்தது. அவர்களை நன்றாக அறிந்தவள் அவள்தானே. அறிவிப்புக்கு ஒரு அச்சு ஏற்கெனவே இருந்தது, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்ற வேண்டும். வடிவமைப்புப் பிரிவு அதைக் கடலில் சூரியன் இறங்கும் படமாகச் செய்து அனுப்பியது. எழுத்தெல்லாம் படத்துக்குள். படமாக அனுப்பினால் வாசிப்பானால் படிக்க முடியாது என்று அவள் எழுதினாள். அழகாக இருக்கிறதே என்று பதில் வந்தது. அவள் விடவில்லை. மூன்று மேசை ஏறி இறங்கி, வெறும் எழுத்தாக அனுப்ப ஒப்புதல் வாங்கினாள். அத்தனை அலைச்சலில் அவள் ஜெயித்தது அது ஒன்றுதான். செத்த சேதி சரியாகக் காதில் விழும்.

அனுப்புவதற்கு முன்னால் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மாடிப்படி இறங்கினாள். அண்ணனின் அறையிலிருந்து வாசிப்பானின் குரல் கேட்டது. தகரத்து மழை இல்லை. சாதாரண மனிதர் பேசும் வேகத்தில், ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார். நிறுவனத்தின் இயந்திரம் அவளுக்காகக் காத்திருக்காமல் அனுப்பிவிட்டது. எங்களோடு பயணித்தமைக்கு நன்றி என்று வாசிப்பான் உற்சாகமாகச் சொல்லி முடித்தது.

அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி வரி நீ எழுதினதா பாப்பா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லண்ணா. அது அச்சு. எல்லாத்துக்கும் அதே வரிதான்."

"அதானே. இவ்வளவு கேவலமா நீ எழுதமாட்டே."

அண்ணிக்கு அந்தக் கேலி பொறுக்கவில்லை. "உன் கம்பெனி. நீ உக்காந்திருக்கிற இடம். உனக்குத் தெரியாமலா நடந்துச்சு?" என்றாள்.

தெரிந்துதான் நடந்தது என்று இவள் சொன்னாள். நின்றபடியே சொல்ல ஆரம்பித்து, தரையில் உட்கார்ந்து முடித்தாள். முதல் கூட்டம், அட்டவணை, பெட்டி, டிக்கெட்.  அண்ணனின் விரல் விசைப்பலகையின் ஒரு மூலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"எஸ்கேப் அடிக்கச் சொன்னது நீதானே."

"ஆமாண்ணா."

"நான்தான் மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் தங்கச்சி சொன்னான்னு."

அதில் குற்றச்சாட்டு இல்லை. வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் வைக்கப்படும் சத்தம் தேவைக்கு மேல் கேட்டது. அப்புறம் அண்ணன், வேறு மென்பொருள் இருக்கும் இல்லையா என்றார்.

இருந்தது. இலவசமாகவே கிடைத்தது, நல்ல பெயர் எடுத்தது. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் அண்ணனின் கணினியில் அதைப் போட்டுப் பார்த்தாள். மின்னஞ்சலைப் படித்தது, செய்தித்தாளைப் படித்தது. பரிசோதனைக் கூடத்தின் ரிப்போர்ட் புரோகிராமைத் திறந்ததும், "பொத்தான். பொத்தான். பொத்தான். பொத்தான்" என்றது. அந்தப் புரோகிராம் பழையது. அதன் திரையில் எந்தக் கட்டத்துக்கும் பெயர் வைக்காமல் எழுதியிருந்தார்கள். எந்தக் கட்டத்தில் உப்பு, எதில் சர்க்கரை என்று வாசிப்பானுக்குத் தனியாக ஒரு பாடம் எழுதிச் சேர்த்திருந்தார் வாசிப்பானை உருவாக்கிய பொறியாளர். புதியதற்கு அந்தப் பாடம் தெரியாது. எழுத யாருமில்லை. அண்ணன் தலையைச் சாய்த்து அந்தப் பொத்தான்களைக் கொஞ்ச நேரம் கேட்டார். ஏதாவது ஒரு ஒழுங்கு பிடிபடுமா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு, எடுத்துடு பாப்பா என்றார்.

அந்தப் பொறியாளர் எப்போதோ விலகி வேறு எங்கோ இருந்தார். தேடிப்பிடித்துப் பேசினாள். ஒரே ஒரு சாவி, ஒரே ஒரு மருத்துவமனைக்கு, செய்து தர முடியுமா என்று கேட்டாள். அவர் சிரித்தார், வருத்தமாகத்தான். சாவியில் நிறுவனத்தின் முத்திரை விழ வேண்டும், முத்திரை நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கிறது, தன்னாலேயே தான் எழுதியதைத் திறக்க முடியாது என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் அவளுக்கு வலித்தது. அதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டார்.

பரிசோதனைக் கூடத்தின் மேற்பார்வையாளர் நல்ல பெண்மணி. ரிப்போர்ட் புரோகிராமை விற்ற நிறுவனத்துக்குக் கடிதம் போட்டாள். அவர்களும் அந்தப் புரோகிராமை அடுத்த வருடம் நிறுத்தப்போவதாகவும், அதனால் இப்போது அதில் கை வைப்பதில்லை என்றும் பதில் வந்தது. உங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி என்றும் இருந்தது.

சாவி காலாவதியான காலை, அவள் அலுவலகத்தில் இருந்தாள். தொலைபேசிகள் அடித்தன. பேச மாட்டேன் என்கிறது என்றார்கள். வந்த அழைப்பையெல்லாம் பதிய வேண்டாம் என்று மேலேயிருந்து சொல்லியிருந்தார்கள். நிறுத்தப்பட்ட பொருளுக்கு டிக்கெட் கிடையாது. நூலகர், எஸ்கேப் அடித்துப் பார்த்துவிட்டேன் அம்மா என்றார். அவள் இல்லை சார், இந்தத் தடவை அது இல்லை என்றாள். மத்தியானத்துக்கு மேல் அழைப்புகள் குறைந்தன. அடுத்த நாள் ஒன்றிரண்டு. அதற்கடுத்த வாரம் யாருமே கூப்பிடவில்லை. பார்க்கலாம் அவளை அழைத்து, மாற்றம் இவ்வளவு சுமுகமாக நடந்ததற்கு அவள்தான் காரணம் என்று நெகிழ்ந்து சொன்னார். அடுத்த மூடுவிழாவுக்கு அவளையே முன்னின்று நடத்தச் சொன்னார். பார்க்கலாம் என்றாள்.

அண்ணனை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுக்க முடியாது, நிரந்தர வேலை. கணினியில் ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அண்ணன் தொலைபேசியை எடுத்து, ஒரு நிமிஷம் டாக்டர் என்று சொல்லி அந்தப் பெண்ணிடம் கொடுப்பார். சில நாளில் ஒரு டாக்டர், நடுவில் எதற்கு இவர் என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, அவசர நோயாளி. தொலைபேசியை அந்தப் பெண்ணின் மேசைக்கு நகர்த்தினார்கள். அண்ணன் அதே இடத்தில், அதே நேரத்தில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் இன்னும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். சரியான நேரத்துக்கு டீ வந்தது.

வீட்டில் அவர் டாக்டர்களைப் போல நடித்துக் காட்டுவது நின்றுபோனது. அண்ணி அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், சாப்பாடு மட்டும் முன்புபோலவே மாடிக்கு வந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் கீழே இறங்கியபோது, அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, இன்னிக்கு மேடத்துக்கிட்ட நாளைக்கு லீவு வேணும்னு கேட்டேன்."

உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. கேட்டுப் பார்த்தேன். முன்னெல்லாம் லீவு கேட்டா அந்தம்மா பதறிடுவாங்க. நீங்க இல்லாம எப்படி சார்னு கெஞ்சுவாங்க. நானும் சரின்னு வந்துடுவேன்."

"இப்போ?"

"'இதெல்லாம் எங்கிட்டக் கேக்கணுமா சார், எப்ப வேணாலும் எடுத்துக்கங்க'ன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க."

 அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி கதவருகே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். நாளைக்கு வீட்டிலேயே இருக்கப் போகிறாரா என்று இவள் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். காலையில் எப்போதும்போல ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடச் சொன்னார். விட்டாள். அவர் கோலைத் தட்டிக்கொண்டு படியேறி உள்ளே போனார்.